சட்டக்கா கேட்டைப் பூட்டிய காலை

அந்த வேன் ஷெட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. முதுகுக்குப் பின்னால் 'சட்டம்', நேரில் 'சட்டக்கா'. "டேய், சட்டம் வருது, சட்டம் வருது!" என்று யாராவது ஒரு டிரைவர் குரல் கொடுத்தால் போதும். பின்பாக்கெட்டில் எண்ணெய்த் துணியைச் செருகியிருந்தவன் அதை உருவி எறிவான். பெட்ரோலில் கை கழுவிக்கொண்டிருந்தவன் சோப்பைத் தேடிக் குழாயடிக்கு ஓடுவான். இப்போதுதான் வந்து நின்ற வண்டிக்கு அடியில் படுத்து, கொதிக்கிற ஆயிலை வடிப்பதற்கு நட்டில் ஸ்பேனரை வைத்தவன், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒரு பாட்டை முணுமுணுப்பான்.

"பாடு, பாடு. முகத்துல கொட்டினதுக்கு அப்புறம் இதே ராகத்துல பாடுறியான்னு பார்க்கறேன்" என்பாள் அவள், நிற்காமலே.

அவளுடைய ராஜ்ஜியம் ஷெட்டின் மூலையில் இருந்த ஆயில் ரூம். ஜன்னல் ஒன்று, இரும்புக் கதவு ஒன்று. உள்ளே மர அடுக்கில் டிரம்கள் படுத்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் மூடிக்கு மேல் தேங்கி உள்ளே இறங்கிவிடும் என்று அவள்தான் படுக்க வைத்தாள். ஒவ்வொரு ஆயிலுக்கும் தனிப் புனல், தனி அளவு ஜாடி. இன்ஜின் ஆயில் புனலை கியர் ஆயிலுக்குப் போட்டவன் அன்றைக்கு அவளிடமிருந்து தப்ப முடியாது. கதவுக்கு வெளியே ஒரு வாளி மணல், ஒரு சாக்கு மரத்தூள், மூடி போட்ட தகர டின்னில் அழுக்குத் துணி. அதற்கும் அந்தப் பக்கம், வடித்த பழைய ஆயிலுக்கென்று வாய் அகன்ற பெரிய டிரம். அந்த டிரம் வருவதற்கு முன்னால் பழைய ஆயில் எல்லாம் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒருநாள் சாக்கடை வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஊத்துறவன் என் மேல ஊத்திட்டுப் போகட்டும்" என்றாள். மறுநாள் டிரம் வந்தது.

அவளை அங்கே கொண்டுவந்து வைத்தது அவளுடைய அண்ணன்தான். ஷெட்டின் முதலாளி. அவள் கணவன் இறந்த பிறகு, "சும்மா உட்கார்ந்திரும்மா. ஆயில் ரூம் சாவி நம்ம ஆள் கையில இருந்தா எனக்கும் நிம்மதி" என்று சொல்லி, ஷெட்டுக்கு மேலேயே ஓர் அறையும் கொடுத்தார். அவள் சும்மா உட்காரப் பிறந்தவள் இல்லை என்பது கூடப் பிறந்தவருக்கே தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

ஆரம்பத்தில் அவளுக்கும் எல்லா ஆயிலும் ஒரே ஆயில்தான். ஒருமுறை அண்ணனின் பைக்குக்கு ஆயில் மாற்றும்போது, 'விலை கூடினது, கார்க்காரர்கள் தேடி வாங்குவது, இதைவிட என்ன வேண்டும்' என்று காருக்கான வழுவழுப்பு ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டாள். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. இரண்டு நாளில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போல நகர்கிறது. மேட்டில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சட்டை பிழியலாம் போல இருந்தது. "ஏம்மா, என்னைக் கொல்றதுக்கு வேற வழியே கிடைக்கலையா?" என்றார். அன்றிலிருந்து அவள் டின்னின் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதுகைப் படிக்க ஆரம்பித்தாள். வண்டி கொடுத்தவன் அந்த வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறானோ அது. அதைவிட உசத்தியும் வேண்டாம், மட்டமும் வேண்டாம். யார் எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் அது மட்டும்தான். சட்டம் என்ற பெயர் அப்போது வந்தது.

அந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் மேஸ்திரி. தலைமை மெக்கானிக். காதை வைத்துக் கேட்டே இன்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார், அந்த மரியாதை அவளுக்கும் உண்டு. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். டின்னில் மிஞ்சுவதையெல்லாம் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னல் மேடையில் வைத்துக்கொள்வார். நீல மூடி போட்டது பிரேக் ஆயில். வெள்ளை மூடி போட்டது, வண்டியைத் தூக்குகிற ஜாக்கிக்கு ஊற்றுகிற ஆயில். இரண்டுமே பார்க்க ஒரே வெளிர் மஞ்சள். அந்த மேடையிலேயே குடிக்கிற தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.

"மேஸ்திரி, ஒருநாள் யாராவது இதை எடுத்துக் குடிச்சிட்டுச் சாகப்போறான்."

"குடிக்கிறவனுக்கு நாக்கு இல்லையா தங்கச்சி? துப்பிட்டுப் போறான்."

"பேராவது எழுதி ஒட்டுங்க."

"மூடிதாம்மா பேரு. நீலம் பிரேக்கு, வெள்ளை ஜாக்கி. இதுக்குப் பள்ளிக்கூடமா போகணும்?"

புது ஒப்பந்தம் தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவள் பொறுமை இழந்து அந்த இரண்டு பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு ஆயில் ரூமுக்குப் போய்விட்டாள். தனித்தனி டின்னில் ஊற்றி, எழுதி ஒட்டிவிட வேண்டும் என்று இரண்டு மூடியையும் திருகிக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேஸ்திரி பின்னாலேயே வந்தார். "என் சாமானை யார் தொடச் சொன்னது? வேலை தலைக்கு மேல கிடக்கு. குடு இப்படி!" என்று சத்தம் போட்டார். அவளும் விடவில்லை. வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் "இந்தாங்க, தலையில வச்சுக்கிட்டுக் கொண்டாடுங்க!" என்று மூடிகளை எடுத்துத் திருகி, பாட்டில்களை அவர் கையில் திணித்து அனுப்பினாள். கோபத்தில் அவள் கண் மேஸ்திரியின் முகத்தில் இருந்தது. மூடியில் இல்லை.

மறுநாள் காலை. மலை மேலே இருக்கிற தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவருவதுதான் புது ஒப்பந்தம். வளைந்து வளைந்து ஏறும் ரோடு. இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாத ரோடு. அந்த ஒப்பந்தத்துக்காக அண்ணன் ஏறி இறங்காத படி இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. முதல் நாளே தாமதம் என்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தொழிற்சாலைக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். விடிந்ததுமே அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்து வாசலில் நின்றார். வேன்கள் கழுவி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக இன்ஜின்கள் உறும ஆரம்பித்தன.

அவள் ஆயில் ரூமைத் திறக்கப் போகிற வழியில் ஜாக்கி கிடந்தது. சக்கரம் வைத்த பெரிய சிவப்பு ஜாக்கி. கடந்து போனவள் நின்றாள். ஜாக்கியின் சிவப்புப் பெயின்ட் ஓரிடத்தில் வெந்த தோல் மாதிரி சுருங்கிக் கொப்பளித்திருந்தது. விரலால் தடவினாள். பெயின்ட் உரிந்து நகத்தோடு வந்தது.

ஆயில் பட்டால் பெயின்ட் உரியாது. எவ்வளவு காலம் கிடந்தாலும் உரியாது. பெயின்டைத் தின்பது பிரேக் ஆயில்.

"மேஸ்திரி! நேத்து ஜாக்கிக்கு ஆயில் ஊத்தினீங்களா?"

"ஆமா, சாயங்காலம். கொஞ்சம் கை தவறிச் சிந்திருச்சு. ஏன், அதுக்கும் சட்டம் இருக்கா?"

"எந்த பாட்டில்?"

"வெள்ளை மூடி. வேற எது?"

 வெள்ளை மூடிக்குள் பிரேக் ஆயில் இருந்தால், நீல மூடிக்குள் இருப்பது என்ன? முந்தின நாள் மேஜையில் இரண்டு மூடிகள் கிடந்ததும், கோபத்தில் தன் கை எதை எடுத்து எதில் திருகியது என்று தனக்கே தெரியாததும் அப்படியே கண்முன் வந்து நின்றது. ஓடிப்போய் ஜன்னல் மேடையிலிருந்து இரண்டையும் எடுத்தாள். டீ குடிக்கிற கண்ணாடி டம்ளர்கள் இரண்டில் தண்ணீர் பிடித்தாள். வெள்ளை மூடி பாட்டிலிலிருந்து சில சொட்டு ஒன்றில் விட்டாள். கலக்கினாள். தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து காணாமல் போனது. அது பிரேக் ஆயில்தான். நீல மூடியிலிருந்து மற்றதில் விட்டாள். சொட்டுகள் மேலே ஏறி, மஞ்சள் பொட்டுகளாக மிதந்து நின்றன.

நீல மூடி பாட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"மேஸ்திரி, நேத்து பிரேக்குக்கு எந்தெந்த வண்டிக்கு ஊத்தினீங்க?"

"குறைஞ்சிருந்ததுக்கு எல்லாம் ஊத்தினேன். எதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா ஊத்துவாங்க? என்னம்மா ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

 முதல் வேன் நகரத் தொடங்கியிருந்தது. ஓட்டுகிறவன் 'ரேடியோ'. வாயை மூடவே தெரியாத டிரைவர். அவள் வேனுக்கு முன்னால் குறுக்கே ஓடி, கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, பூட்டைப் போட்டு அமுக்கினாள். கேட்டின் சாவி அவள் கையிலிருந்த வளையத்தில்தான் இருந்தது. ரேடியோ பிரேக்கை அழுத்தினான். வண்டி அழகாக நின்றது.

"அக்கா! சட்டம் கேட்டுக்கும் வந்துருச்சா?"

"வண்டியை அணைடா. யாரும் போகக் கூடாது."

அண்ணன் வேகமாக வந்தார். "என்னம்மா விளையாட்டு இது? கேட்டைத் திற."

"திறக்க மாட்டேன். நேத்து பிரேக்குக்கு ஊத்தினது ஜாக்கி ஆயில். எந்த வண்டியில ஊத்தினதுன்னு தெரியாது. ஒண்ணொண்ணா பார்த்துட்டு விடறேன்."

"பிரேக் நல்லாத்தான பிடிக்குது? இப்பத்தானே நின்னான்!"

"இப்ப பிடிக்கும்ணே. மேல ஏறிப் போகும்போதும் பிடிக்கும். உள்ள இருக்கிற ரப்பர் அந்த ஆயிலைக் குடிச்சுக் குடிச்சு ஊதும். ஊதினா பிடிச்ச பிரேக் விடாது, உரசிக்கிட்டே சூடேறும். இறங்கும்போது, பாதி மலையில, மிதிச்சா பெடல் தரையோட போகும். அப்ப யாரைக் கேட்பே?"

"எல்லாம் சாயங்காலம் பார்த்துக்கலாம். இன்னிக்கு ஒரு நாள்—"

"அந்த ஒரு நாள்தான்ணே வேண்டாங்கறேன்."

அண்ணனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டிரைவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். பின்னால் அடித்துக்கொண்டிருந்த ஹார்ன்கள் அடங்கின. "சாவியைக் குடு" என்று கையை நீட்டினார். அந்தக் கை நீண்டபடியே இருந்தது. அவள் அவரையும் பார்த்தாள், அந்தக் கையையும் பார்த்தாள். அப்புறம் நிதானமாக நடந்தாள். பழைய ஆயில் டிரம்முக்குப் போனாள். சாவியை, வளையத்தோடு, அந்தக் கறுப்புக்குள் விட்டாள். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.



"அடிப்பாவி" என்றார் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ரேடியோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். "நான் எடுத்துத் தரேன் முதலாளி, இதென்ன பெரிய கடலா?"

"விடு கையை" என்றாள் அவள். "உள்ள இரும்புச் சீவல் பிளேடு மாதிரி கிடக்கு. எத்தனை இன்ஜினோட அழுக்குன்னு உனக்கே தெரியும். தோள் வரைக்கும் முக்கி எடுத்துட்டு அப்புறம் அரிக்குது, வெடிக்குதுன்னு என்கிட்டயே மருந்து கேட்டு வருவே. விடுன்னு சொன்னேன்ல?"

ரேடியோ கையைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். மடித்த சட்டைக் கையை ஒன்றும் நடக்காதது போல இறக்கிவிட்டுக்கொண்டான். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"மேஸ்திரி!" அண்ணன் கத்தினார். "சம்மட்டியை எடுத்துட்டு வாங்க. பூட்டை உடைங்க."

மேஸ்திரி சம்மட்டியோடு வந்தார். ஓங்கி ஒரு அடி. பூட்டு குதித்தது, உடையவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அவள் கேட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நிற்கவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. நீல மூடி பாட்டிலையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பாட்டிலைச் சாய்த்தாள். சொட்டுகள் விழுந்தன, மேலே ஏறின, மிதந்தன.

"நல்ல பிரேக் ஆயில் தண்ணியில மிதக்குமா மேஸ்திரி? நீங்களே சொல்லுங்க. நீங்க மிதக்கும்னு சொன்னா நான் நகர்ந்துக்கறேன்."

சம்மட்டி காற்றிலேயே நின்றது. அவர் கண் அந்த மஞ்சள் பொட்டுகளை விட்டு நகரவில்லை. அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்கலாம், ஆனால் இரும்பு விஷயத்திலும் எண்ணெய் விஷயத்திலும் அவருக்குப் பொய் வராது. சம்மட்டியை மெல்ல இறக்கித் தரையில் வைத்தார்.

"முதலாளி... ஊத்தினது நான்தான். பார்த்துட்டே விடுவோம்."

"நீங்களுமா?" அண்ணனுக்குக் குரல் உடைந்தது. "எல்லாரும் சேர்ந்து என்னைத் தெருவுல நிறுத்தப் பார்க்கறீங்களா? நீல மூடிக்குள்ள ஜாக்கி ஆயில் எப்படி வந்துச்சு? யார் மாத்தினது? முதல்ல அதைச் சொல்லுங்க!"

மேஸ்திரி வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, ஏனென்றால் அவருக்குமே அது புரியாத புதிர். பாட்டிலில் வைத்தது அவர் பழக்கம், முகர்ந்து பார்க்காமல் ஊற்றியது அவர் கை. பழி தானாகவே அவர் தோளில் போய் உட்கார்ந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"நான்தான்" என்றாள் அவள்.

"என்ன?"

"மூடியை மாத்திப் போட்டது நான்தான்ணே. நேத்து மத்தியானம், இவர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே. பார்க்காம திருகிட்டேன்."

அண்ணன் சிரித்தார். அது சிரிப்பே இல்லை. "அப்போ உன் தப்பு. உன் தப்புக்கு என் பிழைப்பைக் காவு குடுக்கறியா?"

"ஆமா, என் தப்பு. அதனாலதான் பூட்டினது நான். வேற எவன் தப்பாவது இருந்தா, உன்கிட்ட கெஞ்சியிருப்பேனோ என்னவோ. இது என் கையால ஆனது. என் கையால ஆனது மலை மேல போகாது. நீ என்னை வெட்டிப் போட்டாலும் போகாது."

  டம்ளரிலிருந்த தண்ணீர் தளும்பியது. குரல் மட்டும் அசையவில்லை.

"இன்னிக்கே மேல ரூமைக் காலி பண்ணு" என்றார் அண்ணன். "இந்த ஷெட்டுல இனி உனக்கு வேலை இல்லை."

"பண்றேன். முதல்ல பானெட்டைத் திறக்கச் சொல்லு."

அப்புறம் நடந்ததில் பேச்சுக்கு இடமில்லை. ஊசி மாட்டாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொண்டாள். மேஸ்திரி ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் ஆயில் நிற்கிற டப்பாவின் மூடியைச் சுற்றிலும் தூசி தட்டித் துடைத்துவிட்டுத் திறந்தார். அவள் மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் உறிஞ்சி டம்ளரில் விட்டாள். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைத் துடைத்து, தண்ணீரை மாற்றி. முதலில் பார்த்த வண்டியில் கரைந்தது. அடுத்ததில் கரைந்தது. அதற்கடுத்ததிலும்.

"சட்டக்கா, எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு?" என்று ஒருவன் ஆரம்பித்தான். "வீணா ஒரு—"

"அடுத்தது."

கரைந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கே உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. ஒருவேளை அவர் ஊற்றினது எல்லாம் வேறு எங்கேயோ? ஒருவேளை வெறும் பயமா? எல்லா வண்டியும் சுத்தம் என்று ஆகிவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் அவள் கை அடுத்த மூடிக்குத்தான் போனது. பார்க்காமல் விட்ட ஒரே ஒரு வண்டிதான் அதுவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது, கேட்டை ஒட்டித் தனியாக நின்ற ரேடியோவின் வேன். மேஸ்திரி டப்பா மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வட்டம் தொங்கிக்கொண்டு வெளியே வந்தது. திரும்ப உள்ளே அமுக்கிப் பார்த்தார். உட்காரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஊதி, ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது.

அவள் டம்ளரில் விட்டாள். மஞ்சள் பொட்டுகள் ஏறின.

ரேடியோ எட்டிப் பார்த்தான். அவன் பேசாமல் இருந்ததை அந்த ஷெட் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இதுல நான் போயிருப்பேன்ல?" என்றான்.

"நீ மட்டுமா? பின்னாடி சீட்டு பூரா ஆளு."

வரிசையின் கடைசிக்கு முந்தினதும் அப்படித்தான் இருந்தது. மற்றதெல்லாம் சுத்தம். அந்த இரண்டு வேன்களின் சாவியையும் அவள் வாங்கி, ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் ஆயில் ரூம் கதவுக்கு வெளியே மாட்டியிருந்த, கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்துவந்து மேஸ்திரியிடம் நீட்டினாள். நட்டு போல்ட்டு விழுந்தால் எடுப்பதற்கு வைத்திருக்கிற காந்தம். அவர் அதை டிரம்முக்குள் இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இரும்பு வளையம் ஒட்டிக்கொண்டு, கறுப்பு சொட்டச் சொட்டச் சாவி மேலே வந்தது.

"இது கையிலேயே இருந்துச்சா?" என்று ரேடியோவுக்கு வாய் திரும்ப வந்தது. "அப்புறம் ஏன்க்கா இத்தனை நேரம் படம் காட்டினீங்க?"

"நீங்க யாரும் கேட்கலையே."

சுத்தமான வேன்கள் கிளம்பிப் போயின. தாமதம்தான். நல்ல தாமதம். போனில் அண்ணன் தொழிற்சாலைக்காரரிடம் என்ன திட்டு வாங்கினார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில் அவர் சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. "ஆமாங்க, பிரேக்குல சந்தேகம், நிறுத்திட்டோம்... இல்லைங்க, அனுப்பியிருக்க முடியாது... இன்னொரு தடவை ஆகாதுங்க." நிறுத்திட்டோம் என்றார். தங்கச்சி நிறுத்திட்டா என்று சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பகல் முழுக்க அவளும் மேஸ்திரியும் அந்த இரண்டு வேன்களையும் பிரித்தார்கள். கெட்ட ஆயிலை வடித்தால் மட்டும் போதாது. அது தொட்ட ரப்பர் ஒவ்வொன்றும் போயாக வேண்டும், பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரிலும் சரி, சக்கரத்திலும் சரி, நடுவில் ஓடுகிற ஹோஸ் குழாயிலும் சரி. இருவரும் கையுறை போட்டிருந்தார்கள். மேஸ்திரி ஆயுசில் போட்டதில்லை, "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். நடுவில் எழுந்து போய் ஜன்னல் மேடையிலிருந்த பாட்டில்களை எல்லாம், குடிக்கிற தண்ணீரையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார்.   ஒருவர் பிழையை ஒருவர் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

மத்தியானத்துக்கு அப்புறம் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கிவிட்டது. மாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டும், இரண்டு வேன் குறைகிறது.

"கழுவி, புது பிரேக் ஆயில் ஊத்தியாச்சுல்ல? ஒரே ஒரு ட்ரிப். ஒண்ணை மட்டும் குடு."

"ரப்பர் செட்டு நாளைக்குத்தான் வரும்ணே."

"நான் முதலாளியாப் பேசலை. உன் அண்ணனாக் கேட்கறேன்."

இதற்கு மட்டும் அவளுக்குக் கண் கலங்கியது. காலையில் கத்தியபோது கலங்காதது. கழுத்தில் கிடந்த சாவிகளைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அண்ணனாக் கேட்டாலும் இல்லை. அதுவும் அண்ணனாக் கேட்டா நிச்சயமா இல்லை."

"வேலையை விட்டு அனுப்பின ஆளு வேலை செய்யறே. ரூமைக் காலி பண்ணச் சொன்ன ஆளு சாவியை வச்சுக்கிட்டு நிக்கறே. என்னதான்டி உனக்கு நெனப்பு?"

"ரூமை எப்ப வேணா காலி பண்றேன். வண்டியைத் தர மாட்டேன்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, ஊதிப்போன ஒரு ரப்பரை, ஷெட்டில் கிடந்த நல்ல ரப்பர் ஒன்றின் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுத் தள்ளிப் போனார். அண்ணன் அதைப் பார்த்தார். எடுத்தார். இரண்டு விரலில் நசுக்கினார். அது பிசுபிசுத்து வழுக்கியது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மலை மேலே போகிற ரோட்டை அவருக்கும் தெரியும், இளமையில் அவரே ஓட்டிய ரோடுதான்.

ரப்பரைத் திரும்ப வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன் சொந்தக் காரின் சாவியை எடுத்தார். "மிச்ச ஆளை நானே ரெண்டு நடையா ஏத்திட்டுப் போறேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். ஷெட்டின் வெளியே நிறுத்தியிருந்த காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் திரும்பினார்.

"என்ன பார்க்கறே? என் வண்டிக்கும் சட்டம் உண்டா?"

"நேத்து அதுவும் ஷெட்டுக்குள்ளதான்ணே நின்னுச்சு. மேஸ்திரி எதுக்கெல்லாம் ஊத்தினார்னு அவருக்கே தெரியாது."

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். நேரமாகிக்கொண்டிருந்தது.  காரின் பானெட்டைத் தானே தூக்கி, கம்பியில் நிறுத்தி, கைக்குட்டையால் பிரேக் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி காத்துக்கொண்டு நின்றார்.

அவள் டம்ளரை அலசி, நல்ல தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்.